கொடிகள் அழுத காலம்

ஆனைக்கல்பட்டியில் குருநாதனின் தாயார் இறந்துபோன அன்று ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதே நேரத்தில் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கண்ணாடி வீட்டில், காலையில் கவாத்து செய்யப்பட்ட திராட்சைக் கொடிகள் வெட்டுவாய்தோறும் நீர் சொட்டிக்கொண்டிருந்தன. கொடி அழுவது புதிதல்ல. கத்திரி பட்ட கொடி சில நாள் அழும், மொட்டு வெடித்து இலை விரிந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புதிது என்னவென்றால், அன்றைக்கு அங்கே வேலையில் இருந்த பவுன்தாய் தன் புறங்கையில் விழுந்த சொட்டை எதற்கோ நாக்கில் வைத்துப் பார்த்தபோது அது உப்புக் கரித்தது.

இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சொற்கள் வரிசையாக வந்தன, ராகம் வந்தது, மூக்கைச் சிந்த முந்தானையையும் எடுத்தார்கள், சிந்துவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஒருத்தி நிறுத்தினாள், பிறகு இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும் வெயிலில் காய்ந்த முகங்களோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குருநாதன் தாய்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் நெஞ்சு விம்மியது, முகம் கோணியது, அதோடு சரி. வந்தவர்களில் சிலர் கல்நெஞ்சுக்காரன் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்கள் வீட்டிலும் அடுத்தடுத்துச் சாவு விழுந்தபோதுதான் விஷயம் ஒருவர் நெஞ்சைப் பற்றியதல்ல என்று ஊருக்குப் புரிந்தது.

கண்ணாடி வீட்டைக் கட்டியவர் குருநாதன்தான். பள்ளத்தாக்கின் பழைய தோட்டங்களில் வேரில் நோய் விழுந்து கொடிகள் வரிசை வரிசையாகப் பட்டுப்போன காலத்தில், விவசாயம் படித்துவிட்டு வந்த மனிதர், நோயில்லாத தாய்க்கொடிகளை எங்கிருந்தோ கொண்டுவந்து கண்ணாடிக்குள் வைத்து, அவற்றிலிருந்து குச்சி வெட்டி நாற்று போட ஆரம்பித்தார். உள்ளே ஐப்பசியும் கிடையாது, சித்திரையும் கிடையாது. விசிறிகள் சுற்றும், குழாய்களிலிருந்து பனி போல நீர்த்துளி இறங்கும், வெளிச்சம் குறைந்தால் விளக்குகள் தாமாக எரியும், எப்போதும் தளிர் விடுகிற பருவமாகவே இருக்கும். வெளியே தோட்டத்தில் இருக்கும் கொடி கத்திரிக்குப் பிறகு அழுது முடித்து, இலைவிட்டு, காய்த்து, கொஞ்சம் படுத்து எழும். இங்கே ஒரு வரிசை அழுது ஓய்வதற்குள் அடுத்த வரிசையில் கத்திரி விழும், அது ஓய்வதற்குள் அதற்கடுத்தது. ஆகவே அந்தக் கண்ணாடி வீட்டில் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு வரிசை அழுதுகொண்டே இருந்தது. இப்படி ஓயாமல் அழுகிற கொடிக்குக் கண்ணீர் எங்கிருந்து கிடைக்கும் என்று யாரும் அதுவரை யோசித்ததில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். முதலில் பயந்தார்கள், பிறகு கண் டாக்டரிடம் போனார்கள், பிறகு அம்மனுக்கு மாவிளக்கு வைத்தார்கள், பிறகு வெங்காயம் உரிக்கச் சுலபமாக இருக்கிறது என்று சிரித்தார்கள். நீலிக்கண்ணீர் வடிக்க இனி எந்த மருமகளாலும் முடியாது என்பதில் மாமியார்களுக்கு ஒரு திருப்தி இருந்தது. கல்யாண வீட்டில் பெண் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது வீடியோக்காரர் சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துப் பெண்ணின் கண்ணிலும் தாயின் கண்ணிலும் விட்டுவிட்டு, ம், இப்பக் கட்டிப்பிடிங்க என்றார். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைகள் முழங்காலில் ரத்தம் ஒழுக வீட்டுக்கு வந்து, அடிபட்டிருச்சும்மா என்று பெரிய மனிதர்களைப் போல நிதானமாகச் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் மட்டும் முடியாமல் நீண்டன, ஏனென்றால் அவற்றை முடித்துவைக்கிற ஒரே சாமான் ஊரில் இல்லை.

சாவுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இழவு விழுந்த வீட்டிலிருந்து ஒருவர் எவர்சில்வர் டம்ளரோடு கண்ணாடி வீட்டுக்குப் போய், அன்றைக்கு வெட்டிய வரிசையில் கொஞ்சம் நீர் பிடித்துக்கொண்டு வருவார். பிணத்தை எடுப்பதற்கு முன் அதை விரலில் தொட்டு உறவுக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்வார்கள், அது கன்னத்தில் வழியும், அழுததாகக் கணக்கு. குருநாதன் அதற்குக் காசு வாங்கியதில்லை, அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். நாளடைவில் டம்ளர் வராமல் பாடையைத் தூக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் அழாத துக்கம் எங்கே போகும்? அது ஆட்களுக்குள்ளேயே தங்கியது. கண்கள் வீங்கின, நெஞ்சில் சளி போல எதுவோ கட்டியது, மாலையானால் தெருவில் பேச்சு குறைந்தது, சாப்பாட்டுத் தட்டின் முன் ஆட்கள் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஊரே ஒரு பெரிய இழவு வீட்டின் மறுநாள் போல இருந்தது.

இதில் பிள்ளைகள் பிறந்தன. அழாமல் பிறந்தன. ஆனைக்கல்பட்டிப் பெண் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய்ப் பெற்றாலும் பிள்ளை சத்தமில்லாமல் வந்தது, நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாலும் வாய் மட்டும் கோணியது, பிறகு எப்படியோ மூச்சு வந்துவிட்டது. தொண்டையைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். பசித்தாலும் அழுவதில்லை, எறும்பு கடித்தாலும் அழுவதில்லை. ஊர் இதற்கும் வழி வைத்திருந்தது. பிள்ளையின் காலில் சலங்கை கட்டினார்கள். பசித்தால் உதைக்கும், உதைத்தால் சத்தம் வரும், தாய் ஓடுவாள். அழுகையைவிட இது காதுக்கு இதம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

சுருளியம்மாள் இந்தக் காலத்தில்தான் உண்டானாள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, இனி இல்லை என்று மாமியார் வீட்டில் முடிவே கட்டிவிட்ட பிறகு உண்டானவள். கண்ணாடி வீட்டில் அவள் கைக்கு ஒரு பெயர் இருந்தது. குச்சியை மேல்நுனி சரிவாகவும் அடிநுனி நேராகவும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் எது தலை எது கால் என்று தெரியாமல் தலைகீழாக நட்டுவிடுவார்கள். சுருளியம்மாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெட்டுவாள், ஒன்றுகூடத் தப்பாது. வெட்டிய குச்சியின் அடியை வேர்ப் பொடியில் தொட்டு, தென்னை நார்த்தூள் நிரப்பிய குழித்தட்டில் செருகினால், கொஞ்ச நாளில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டுவிடும். அவள் நட்டதில் பட்டுப்போவது அபூர்வம். அப்படிப்பட்டவளுக்கு வயிறு மேடிடத் தொடங்கியதும் கத்திரியைப் பிடிக்கவே கை கூசியது. ஒவ்வொரு வெட்டுக்கும் சொட்டு விழும்போது, இது யாருடையதோ என்று நினைப்பாள். பிறகு, வயிற்றில் இருப்பதன் அழுகையும் இதில்தான் போகிறதோ என்று நினைக்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் குருநாதனிடம் போய் நின்றாள். எல்லா வரிசையையும் ஒரே ஒரு தடவை வெட்டாமல் விட்டால், எல்லாம் இலைவிட்டு அழுகையை நிறுத்திக்கொள்ளும், ஊருக்குக் கண்ணீர் திரும்பிவிடும் என்று தனக்குத் தோன்றுவதைச் சொன்னாள். அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கு முழுக்கப் பட்டுப்போன தோட்டங்களை உழுதுபோட்டுவிட்டு விவசாயிகள் நாற்றுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு சுற்று நின்றால் அவர்களுக்கு ஒரு பருவம் போய்விடும், இங்கே வேலை செய்கிற பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவர் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"பிள்ளை பொறந்து அழுவுறத நான் கேக்கணும் மொதலாளி," என்றாள் சுருளியம்மாள்.

"இந்த ஒரு பருவம் போகட்டும்த்தா. சலங்கை கட்டி எல்லாரும் வளக்கலையா? ஒனக்கு மட்டும் என்ன பயம்?"

மற்றவர்கள் வளர்க்கிறார்கள் என்பது உண்மைதானே. திரும்பி வந்து கத்திரியை எடுத்துக்கொண்டாள்.

பிறந்தது பெண். சத்தமில்லாமல், கொஞ்சம் நீலம் பாரித்து வந்து, நர்ஸ் உள்ளங்காலில் சுண்டியதும் ஒரு குலுக்கலோடு மூச்சு விட ஆரம்பித்தது. டிராக்டர் ஓட்டும் ராசாங்கம், சுருளியம்மாளின் புருஷன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டே இருந்தவர், ஒன்றும் கேட்காமல் பயந்து போய் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிள்ளை அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. பூவிழி என்று பெயர் வைத்தார். தேனிக்குப் போய், கடை கடையாக ஏறி, ஆட்டிப் பார்த்து ஆட்டிப் பார்த்து, மற்றப் பிள்ளைகளுடையதோடு கலந்துவிடாத மணியாக ஒரு ஜோடிச் சலங்கை வாங்கிவந்தார். சுருளியம்மாள் தூக்கத்திலும் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தாள். அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளை உதைத்தால் ஓடினாள், உதைக்காவிட்டாலும் ஓடினாள், மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள், பார்த்துப் பார்த்து இளைத்தாள். பவுன்தாய்தான் அவளைத் தேற்றி வேலைக்கு இழுத்துவந்தாள். பவுன்தாய்க்கும் ஒரு கைப்பிள்ளை இருந்தது, இன்னும் சிலருக்கும் இருந்தது. கண்ணாடி வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வரிசையாகத் தூளிகள் கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு, காது எட்டும் தூரத்தில் குச்சி வெட்டுவார்கள். ஒரு சலங்கை குலுங்கினால் அந்தப் பிள்ளைக்காரி கத்திரியைப் போட்டுவிட்டு ஓடுவாள், மற்றவர்கள் அவள் வரிசையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். சலங்கை குலுங்காவிட்டால் பிள்ளை தூங்குகிறது என்று அர்த்தம்.

அன்றைக்குக் காலையில் பூவிழியின் உடம்பு கதகதவென்றிருந்தது. கண்ணாடி வீட்டுப் பக்கம் எதைத் தொட்டாலும் கதகதவென்றுதான் இருக்கும், தூளித் துணிகூட அப்படித்தான் இருக்கும். தவிர, பனிநீரில் நனைந்து நனைந்து அந்தப் பெண்களின் விரல்கள் எப்போதும் சில்லிட்டுக் கிடந்ததால் எதன் சூடும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. சுருளியம்மாள் பால் கொடுத்துப் பார்த்தாள், பிள்ளை கொஞ்சம் குடித்துவிட்டு வாயை எடுத்துக்கொண்டது. தூளியில் போட்டு ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நடுவில் ஒரு தடவை எழப் போனவளை, தண்ணீர் குடிக்கப் போய் வந்த பவுன்தாய் தடுத்தாள்.

"நான் பாத்துட்டுத்தான் வர்றேன் மதினி. பிள்ள நல்லாத் தூங்குது. செத்த நேரம் தூங்கட்டுமே, ஒனக்கும் ஓய்வா இருக்கும்."

சலங்கை குலுங்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் சுருளியம்மாளின் தோள்கள் தளர்ந்திருந்தன, பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து ஏதோ பேச்சுக்குச் சிரிக்கவும் செய்தாள். காய்ச்சலில் துவண்டு கிடக்கிற பிள்ளைக்கு உதைக்கத் தெம்பு இருக்காது என்பது அங்கே இருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. துவண்டு கிடந்தாலும் பிள்ளையால் முனகவாவது முடியும், சிணுங்கவாவது முடியும். அந்தக் கொட்டகையில் கிடந்த பிள்ளைகளுக்கு அது இல்லை.

உச்சிவேளையில் மார்பு கனத்து வலி எடுத்தபோது எழுந்து போனாள். தூளியை விலக்கினாள். பூவிழியின் வாய் அழுகிற பிள்ளையின் வாய் போலக் கோணி, அப்படியே நின்றிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி அழுதிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பிள்ளைப் பிணத்துக்குச் சடங்கு அதிகமில்லை. ராசாங்கம் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து மாட்டின் சத்தம் போல எதையோ எழுப்பிப் பார்த்தார், அது அழுகையாக மாறவில்லை. முகத்தில் அறைந்துகொண்டார், அப்போதும் மாறவில்லை. பவுன்தாய் ஒரு ஓரத்தில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள், கிட்டே வர அவளுக்குக் கால் எழவில்லை. வழக்கப்படி யாரோ டம்ளரில் கொடிநீர் கொண்டுவந்து சுருளியம்மாளின் கண்ணருகே விரலைக் கொண்டுபோனார்கள். அவள் அந்தக் கையைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள்.

"இது வேணாம். எம் பிள்ளைக்கு நான்தான் அழணும்."

டம்ளர் இல்லாமல் எப்படி எடுப்பது என்று ஆண்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். கடைசியில் அப்படியே எடுத்தார்கள். எங்கள் ஊரில் அழாமலும் அழுததாகக் கணக்குக் காட்டாமலும் புதைக்கப்பட்ட ஒரே பிள்ளை அதுதான்.

மறுநாள் காலையில் சுருளியம்மாள் வேலைக்கு வந்தாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வந்திருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்து வழிவிட்டார்கள். அவள் நேராகப் போய், அன்றைக்கு வெட்ட வேண்டிய வரிசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். யாரும் எதையும் வெட்ட வேண்டாம் என்றாள், எல்லா வரிசையும் இலைவிடும் வரைக்கும் தான் எழப்போவதில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் கேட்பது போலச் சொன்னாள். பவுன்தாய் தன் கத்திரியை அவள் காலடியில் வைத்துவிட்டு, தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு கத்திரியாக வந்து விழுந்தது. பெண்கள் இழவு வீட்டில் உட்காருவது போல வட்டமாக உட்கார்ந்தார்கள்.

குருநாதன் ஓடிவந்தார். தட்டுகள் காலியாகக் கிடக்கின்றன, வெளியூர்க்காரர்கள் வண்டியோடு வந்து நிற்பார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பேசிக்கொண்டே வந்தவர், சுருளியம்மாளின் முன்னால் வந்து நின்றார். அவள் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

"நீங்களும்தான ஒங்க ஆத்தாளுக்கு இன்னும் அழல," என்றாள்.

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஊரில் இது பேச்சாகியது. நாற்றுக்குக் காத்திருந்தவர்கள் கத்தினார்கள். ஒரு பிள்ளை போனதற்கு ஊர் பிழைப்பைக் கெடுப்பதா என்றார்கள். சேர்த்துவைத்த அழுகையெல்லாம் ஒரே நாளில் வந்தால் தாங்குவோமா என்று பயந்தவர்களும் உண்டு, அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. ஆனாலும் யாரும் போய்க் கத்திரியை எடுக்கவில்லை. வீடுகளிலிருந்து சோறு வந்தது, தூக்குவாளியில் காப்பி வந்தது. கொட்டகையில் கிடந்த பிள்ளைகளை வீட்டில் இருப்பவர்களிடம் விட்டுவிட்டுப் பெண்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். கொடிகள் முதலில் இன்னும் அதிகமாக அழுதன. பிறகு வெட்டுவாய்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன, மொட்டுகள் வீங்கின, ரோமம் படர்ந்த இளஞ்சிவப்புத் தளிர்கள் எட்டிப் பார்த்தன, வரிசை வரிசையாக இலை விரிந்தது. அந்தக் கண்ணாடி வீடு கட்டப்பட்டதிலிருந்து அதில் எல்லாக் கொடியும் ஒருசேரப் பச்சையாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசி வரிசையின் கடைசிச் சொட்டு ஒரு முற்பகலில் விழுந்தது. முதலில் குருநாதன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து அம்மா என்று ஒரு சத்தம் வந்தது, அது அந்த வயது மனிதரின் சத்தமாக இல்லை. பிறகு பவுன்தாய் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விரலைப் பார்த்து, சுருளியம்மாளின் மடியில் முகத்தைப் புதைத்து, நான்தான் பாத்தேன் மதினி, தூங்குதுன்னு நான்தான் சொன்னேன் என்று விம்மினாள். வட்டம் முழுக்க உடைந்தது. அப்பனுக்கு, அண்ணனுக்கு, கருவிலேயே கலைந்ததற்கு, வெளியூர் போன பிறகு ஒரு போனும் பண்ணாத மகனுக்கு என்று ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் எல்லோரும் சுருளியம்மாளைத்தான் கட்டிக்கொண்டார்கள், அவளோடுதான் அழ வேண்டும் என்று நினைத்தார்கள். அவளுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. கண் எரிந்தது, நெஞ்சு மேலே மேலே ஏறியது, அதோடு நின்றது.

அப்போது ஊரிலிருந்து சத்தம் கேட்டது.

முதலில் ஊர்க்கோடித் தெருவிலிருந்து ஒரு பிள்ளை, கத்திப் பழகாத மெல்லிய குரலில், ஏதோ சந்தேகம் கேட்பது போல ஆரம்பித்து, பிறகு தொண்டை திறந்து வீரிட்டது. அடுத்து ஒன்று, அதற்கப்பால் ஒன்று, மேலத்தெருவில் ஒன்று, ஆற்றோரத்து வீடுகளில் ஒன்று என்று ஊரின் எல்லாத் தூளிகளிலிருந்தும் பிள்ளைகள் அழுதன. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். தன் பிள்ளையின் அழுகையை அதற்குமுன் கேட்டேயிராத ஒருத்தி, அது என்னுது என்று எழுந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள், சுருளியம்மாளின் தலையைத் தொட்டார்கள், தயங்கினார்கள், பிறகு ஓடினார்கள். குருநாதனும் துண்டால் முகத்தை மூடியபடியே தாயாரின் சமாதிப் பக்கம் நடந்தார். பவுன்தாய் மட்டும் எழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளையும் அழுதுகொண்டிருந்தது.

"போ மதினி," என்றாள் சுருளியம்மாள். "பிள்ள அழுவுது."

பவுன்தாய் போனாள்.

கண்ணாடி வீட்டில் விசிறிகள் சுற்றின. சுருளியம்மாள் இருந்த இடத்திலேயே இருந்து கேட்டாள். ஒவ்வொரு பிள்ளை அழும்போதும் அவளுக்கு மார்பு சுரந்தது, ரவிக்கை நனைந்தது, நனைந்தது வயிற்றில் வழிந்தது. கன்னத்திலும் எப்போது வழியத் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே, அந்தக் குரல்களுக்குள் ஒரு குரலைத் தேடினாள், ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தள்ளினாள். வெகுநேரத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தோன்றியது, பூவிழி அழுதால் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாதே என்று.